பிரிந்த நாடு ஒன்று சேர்ந்தால் கட்சிகள் என்ன ஆகும்?

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. ராமானுஜரின் சீடர் கூரத்தாழ்வான் பிறந்த ஊர் அது. அந்த ஊரின் பெயரைத் தாங்கிய செப்பேடு ஒன்றும் உண்டு. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துச் செப்பேடு. அதற்கு வயது ஏறத்தாழ 1,300 ஆண்டுகள். கூரத்தில் எழுந்த சிவன் கோயிலுக்குக் கொடுத்த தானங்களைச் சொல்லிக்கொண்டே வரும் அந்தச் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் வழி செய்திருக்கிறது.

பாரதம் என்ன கதை? ஒரே குடும்பத்தார் ராஜ்யத்தைப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்ட கதைதானே! இந்தப் பக்கம் அஸ்தினாபுரம், அந்தப் பக்கம் இந்திரப்பிரஸ்தம். கடைசியில் எல்லாம் ஒரே கொடியின் கீழ் வந்தபோது, கொடியைப் பார்க்க உயிரோடு இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நாடு பிரிந்தால் என்ன வரும் என்பதைக் கூரத்து மக்கள் பல்லவர் காலத்திலேயே உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள்.

இப்போது ஒரு கற்பனை செய்து பாருங்கள். கூரத்தின் நடுவே யாரோ ஒருவர் கோடு கிழித்துவிடுகிறார். பெருமாள் கோயில் பக்கம் ஒரு நாடு. ஏரிக்கரைப் பக்கம் இன்னொரு நாடு. இந்தப் பக்கம் ஒரு சர்க்கார், ஒரு நாணயம், மூன்று கட்சிகள். அந்தப் பக்கம் வேறு சர்க்கார், வேறு நாணயம், வேறு கட்சிகள். அண்ணன் வீட்டுக்குத் தம்பி போகவேண்டும் என்றால் சுங்கச் சாவடியில் மூட்டையை அவிழ்த்துக் காட்டவேண்டும். இப்படி நூறு, இருநூறு வருஷம் ஓடுகிறது.

பிறகு ஒரு நாள் கோட்டை அழித்துவிடுகிறார்கள். மக்கள் கட்டித் தழுவிக்கொள்கிறார்கள். மேளம் கொட்டுகிறது. எல்லாம் சரி! அடுத்த தேர்தலில் யார் யாருக்கு ஓட்டுப் போடுவார்கள்? ஏரிக்கரைக் கட்சி பெருமாள் கோயில் தெருவில் ஓட்டு வாங்குமா? கோடு கிழித்த காலத்தில் அந்தப் பக்கம் மந்திரியாக இருந்தவர் இப்போது என்ன ஆவார்? கோட்டை அழிக்கவேண்டும் என்று ஜெயிலுக்குப் போனவருக்கு நாற்காலி கிடைக்குமா?

இது வெறும் கற்பனை அல்ல. கூரத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு பொழுதில் போய்ச் சேரக்கூடிய பாண்டிச்சேரியில் இது நடந்தே இருக்கிறது.

ஜில்லாவுக்குள் ஒரு வெளிநாடு

1947 ஆகஸ்டு 15ந் தேதி இந்தியா சுதந்திரம் அடைந்தது. ஆனால் பாண்டிச்சேரியில் அன்றும் பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. காரைக்கால், மாகி, ஏனாம், வங்காளத்தில் சந்திரநாகூர் ஆகிய ஊர்களும் அப்படியே.

பாண்டிச்சேரி ஒரே துண்டாகவும் இருக்கவில்லை. தென்னார்க்காடு ஜில்லாவுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தது. நகரத்திலிருந்து சில கொம்யூன்களுக்குப் போகவேண்டும் என்றால் நடுவில் இந்திய எல்லையைத் தாண்டவேண்டும். கொம்யூன் என்பது நம் பஞ்சாயத்து யூனியன் மாதிரி ஒரு பிரிவு. அதற்கு ஒரு மேயர் உண்டு.

கட்சிகளும் வேறுதான். பாண்டிச்சேரியின் பெரிய தொழிலாளர் தலைவர் வ.சுப்பையா. கம்யூனிஸ்டு. 1936 ஜூலை 30ந் தேதி அங்கே வேலை நிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுச் சிப்பாய்கள் சுட்டார்கள். 12 தொழிலாளர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே 8 மணி நேர வேலை என்ற சட்டம் வந்தது. அந்தப் போராட்டத்தின் நடுநாயகமாக நின்றவர் சுப்பையா. 1947ல் அவர் பிரெஞ்சுப் பாராளுமன்றத்தின் மேல்சபைக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். பாரீஸ் வரைக்கும் போய்ப் பேசிய பாண்டிச்சேரித் தமிழர்!

எதிர்ப்பக்கம் எதுவார் குபேர். தந்தை பிரெஞ்சுக்காரர், தாயார் இந்தியர். பிரெஞ்சிந்திய சோஷலிஸ்டுக் கட்சியின் தலைவர். அந்தக் கட்சிக்குப் பிரெஞ்சு சர்க்காரின் ஆதரவு உண்டு. 1948ல் நடந்த நகரசபைத் தேர்தல்களில் பாண்டிச்சேரியில் அந்தக் கட்சிக்குத்தான் வெற்றி. 1951ல் குபேர் பிரெஞ்சுப் பாராளுமன்றத்துக்கும் போனார்.

இந்தியாவோடு சேருவதா, பிரான்சோடு இருப்பதா என்பதை மக்களே ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கட்டும் என்று 1948ல் இரண்டு சர்க்காரும் ஒப்பந்தம் செய்துகொண்டன. சந்திரநாகூரில் 1949 ஜூன் 19ந் தேதி ஓட்டு எடுத்தார்கள். இந்தியாவுக்கு 7,473 ஓட்டு. பிரான்சுக்கு 114 ஓட்டு. தீர்ந்தது கதை!

ஆனால் பாண்டிச்சேரியில் அப்படி ஓட்டு எடுக்கவே இல்லை. இழுபறியாகவே போயிற்று. இந்தியா சுங்க வேலியை இறுக்கிற்று. சாமான் வருவது குறைந்தது. எல்லையில் கெடுபிடி, கடத்தல், தடியடி. சுப்பையாவின் ஆட்களும், காங்கிரஸ்காரர்களும், மாணவர்களும் அடி வாங்கினார்கள். குபேர் கட்சி ஆட்சியில் இருந்தது.

குபேர் கட்சி மாறினார்

1954 மார்ச்சு மாதத்தில் யாரும் எதிர்பாராத ஒரு திருப்பம். எந்தக் கட்சி பிரான்சுக்குத் தூணாக இருந்ததோ, அதே கட்சியின் மந்திரிகளும் மேயர்களும் கூடி, “மக்கள் ஓட்டெடுப்பே வேண்டாம், நேராக இந்தியாவோடு சேர்ந்துவிடவேண்டும்” என்று தீர்மானம் போட்டார்கள். குபேரும் அதில் சேர்ந்துகொண்டார். மாதக் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. அங்கே ஒரு தற்காலிக சர்க்கார் அமைந்தது.

குபேர் ஏன் மாறினார்? பலர் பலவிதமாகச் சொல்வார்கள். காற்று அடிக்கும் திசையைப் பார்த்துப் பாய் விரித்தார் என்பார்கள் சிலர். அவர் மாறாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை வருஷம் இழுத்திருக்குமோ என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு என்றே தோன்றுகிறது. கடைசி நாளில் படகில் ஏறுகிறவனைத் திட்டலாம். ஆனால் அவன் துடுப்புப் பிடிக்கத் தெரிந்தவனாக இருந்தால் படகில் இருப்பவர்கள் இடம் கொடுத்துத்தானே ஆகவேண்டும்!

இன்னொரு பக்கம் திருபுவனையில் கம்யூனிஸ்டுகள் கொடி ஏற்றினார்கள். ஜூன் மாதம் ஏனாம் பிரெஞ்சுக்காரர் கையை விட்டுப் போயிற்று. ஜூலையில் மாகி. இதற்கிடையே மே மாதம் வியட்நாமில் தியன்பியன்பூ கோட்டையில் பிரெஞ்சுப் படை தோற்றது. பாரீசில் இருந்தவர்களுக்கும் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

ஆனால் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. மக்கள் சம்மதம் இல்லாமல் நிலத்தைக் கொடுக்கக்கூடாது என்பது பிரெஞ்சு அரசியல் சட்டம். அதற்காக மக்கள் பிரதிநிதிகளை மட்டும் கூட்டி ஓட்டு எடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

1954 அக்டோபர் 18ந் தேதி, கீழூர் என்ற சின்னக் கிராமத்தில் அவர்கள் கூடினார்கள். சட்டசபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களுமாக 178 பேர் ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு சேர 170 பேர். வேண்டாம் என்றவர்கள் 8 பேர். நவம்பர் 1ந் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956ல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பிரெஞ்சுப் பாராளுமன்றம் அதை ஒப்புக்கொண்டு, சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்டு 16ந் தேதியில்தான். சேர முடிவு செய்தது ஒரு நாளில். அதைக் காகிதத்தில் முடிக்க எட்டு வருஷம்!

அந்த 8 பேரை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது உண்டு. மேளச் சத்தத்துக்கு நடுவே எழுந்து நின்று “வேண்டாம்” என்று சொல்வதற்கும் நெஞ்சில் உரம் வேண்டுமே!

யாருக்கு நாற்காலி?

இனிமேல்தான் நம் கேள்வி வருகிறது. நாடு சேர்ந்தது. கட்சிகள் என்ன ஆயின?

பிரெஞ்சிந்திய சோஷலிஸ்டுக் கட்சி என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லாமல் போயிற்று. அதன் தலைவர்கள் காங்கிரசில் சேர்ந்தார்கள். நேற்று வரைக்கும் காங்கிரஸ் கொடி பிடித்து அடி வாங்கியவரும், அடித்தவர்களுக்குத் துணை நின்றவரும் ஒரே மேடையில் ஒரே கதர்த் துண்டோடு உட்கார்ந்தார்கள். உள்ளே புகைச்சல் இல்லாமல் இருக்குமா? கோஷ்டிச் சண்டை வந்தது. மந்திரிசபை ஆட்டம் கண்டது. 1959ல் மறுதேர்தலே நடந்தது.

1963 ஜூலை 1ந் தேதி பாண்டிச்சேரியின் முதலாவது முதல் மந்திரி பதவி ஏற்றார். யார் அவர்? எதுவார் குபேர்தான்! பிரெஞ்சுப் பாராளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர், காங்கிரஸ் முதல் மந்திரி ஆனார். கடற்கரைச் சாலைக்கு இன்று அவர் பெயர். பெரிய மார்க்கெட்டுக்கும் அவர் பெயர்.

சுப்பையா? அவர் முதல் மந்திரி ஆகவே இல்லை. 1955ல் தொடங்கி எதிர்க்கட்சி வரிசைதான். அவருடைய மக்கள் முன்னணிக்கு 1964 தேர்தலில் 30 இடங்களில் 4 இடம் கிடைத்தது. பிறகு 1969ல் தி.மு.க. தலைமையிலான கூட்டு மந்திரிசபையில் ஒரு மந்திரியாக இருந்தார். அவ்வளவுதான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாடு சேருவதற்காகப் போராடும் கட்சிக்கு, அந்தப் போராட்டமே பெரிய மூலதனம். நாடு சேர்ந்த மறுநாள் அந்த மூலதனம் செலவாகிவிடுகிறது. பிறகு மக்கள் கேட்பது வேறு. ரேஷன் அரிசி வருமா, ஆலை ஓடுமா, டெல்லியில் யாருக்குச் செல்வாக்கு என்பதுதான் கேள்வி. டெல்லியில் ஆளுகிற கட்சி எதுவோ அதன் உள்ளூர்க் கிளைக்கு மவுசு வந்துவிடுகிறது. சிறிய பாதி பெரிய பாதியோடு சேரும்போது நடக்கும் முதல் காரியம் இது.

மதில் தாண்டி வந்த உதயசூரியன்

இரண்டாவது காரியம் இன்னும் ருசிகரமானது. எல்லைக் கோடு போனதும், பக்கத்து வீட்டுக் கட்சி உள்ளே வந்துவிடுகிறது.

1967ல் தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா முதல் மந்திரி ஆனார். (1962 தேர்தலில் அதே காஞ்சிபுரத்தில் அவர் தோற்றார் என்பதையும் கூரத்து வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.) இரண்டே வருஷத்தில் அந்த அலை பாண்டிச்சேரியிலும் அடித்தது. 1969 தேர்தலில் 30 இடங்களில் தி.மு.க.வுக்கு 15. பரூக் மரைக்காயர் முதல் மந்திரி ஆனார். இதே பரூக் 1967ல் காங்கிரஸ் முதல் மந்திரியாக இருந்தவர். பிற்பாடு 1985ல் மறுபடியும் காங்கிரஸ் முதல் மந்திரி ஆனார். குபேர் போட்ட பாதையில் போகிறவர்களுக்குக் குறைவில்லை!

ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? தி.மு.க. ஒரு காலத்தில் திராவிட நாடு என்று தனிநாடு கேட்ட கட்சி. 1963ல் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. பிரிவினை கேட்டுப் பிறகு விட்ட கட்சி, பிரிந்து இருந்து பிறகு சேர்ந்த ஊரில் ஆட்சியைப் பிடித்தது.

இன்னும் ஒன்று. எம்.ஜி.ஆர். 1972 அக்டோபரில் அ.தி.மு.க.வைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் அவர் முதல் மந்திரி ஆனது 1977ல். ஆனால் அதற்கு மூன்று வருஷம் முன்பே அ.தி.மு.க. ஓர் இடத்தில் ஆட்சி அமைத்துவிட்டது. எங்கே? பாண்டிச்சேரியில்தான்! 1974 மார்ச்சு 6ந் தேதி எஸ்.ராமசாமி முதல் மந்திரி ஆனார். 28ந் தேதி ஆட்சி போய்விட்டது. ஒரு மாதம்கூட இல்லை. ஆனாலும் அ.தி.மு.க.வின் முதலாவது முதல் மந்திரி அவர்தான்.

மாகியும் ஏனாமும் கதையே வேறு. மாகி கேரளத்துக்குள் இருக்கிறது. அங்கே மலையாள அரசியல்தான். ஏனாம் ஆந்திரத்துக்குள் இருக்கிறது. அங்கே தெலுங்குதான். 2021 தேர்தலில் ரங்கசாமி தட்டாஞ்சாவடி, ஏனாம் ஆகிய இரண்டு தொகுதிகளில் நின்றார். தட்டாஞ்சாவடியில் வெற்றி பெற்றார். ஏனாமில் ஒரு சுயேச்சையிடம் தோற்றார். முதல் மந்திரியும் ஆனார்!

“தமிழ்நாட்டோடு சேரமாட்டோம்!”

பக்கத்து வீட்டுக் கட்சி வந்துவிட்டது. இனி பாண்டிச்சேரி தமிழ்நாட்டில் கரைந்துவிடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். டெல்லியும் அப்படித்தான் நினைத்தது.

1979 ஜனவரியில், பிரதம மந்திரி மொரார்ஜி தேசாய் காலத்தில், பாண்டிச்சேரியின் பகுதிகளை அந்தந்தப் பக்கத்து மாநிலங்களோடு சேர்த்துவிடலாம் என்ற பேச்சு வந்தது. ஊரே கொதித்து எழுந்தது. கடைகள் மூடின. கட்சி பேதம் இல்லாமல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். போலீஸ் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. உயிர்கள் பலியாயின. டெல்லி பின்வாங்கியது.

பேசுவது ஒரே தமிழ். கும்பிடுவது ஒரே சாமி. பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் இங்கேயும் அங்கேயும்தான். பிறகு என்ன வந்தது? இருநூறு வருஷம் தனியாக இருந்த ஊருக்கு ஒரு தனிக் குணம் வந்துவிட்டிருந்தது. அதன் சட்டசபை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மந்திரியைத் தெருவில் பார்த்துப் பேசலாம். சென்னையோடு சேர்ந்தால் தாங்கள் ஒரு ஜில்லாவின் மூலையாகிவிடுவோம் என்று அவர்கள் பயந்தார்கள். அந்தப் பயம் நியாயம் இல்லாதது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

காஞ்சிபுரம் பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். தனித்தனி நாடா ஓட்டி, கோர்வை போட்டு இரண்டையும் பிணைப்பார்கள். பிணைப்பு உறுதியாக இருக்கும். ஆனால் கரை நிறம் உடல் நிறமாக மாறிவிடாது. பாண்டிச்சேரிக்காரர்கள் கேட்டது இந்தக் கோர்வையைத்தான். எல்லாவற்றையும் ஒரே சாயத் தொட்டியில் முக்குவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

அந்தத் தனிக் குணம் கட்சி அரசியலிலும் தெரிகிறது. 2011 பிப்ரவரியில் ரங்கசாமி காங்கிரசை விட்டு விலகி என்.ஆர்.காங்கிரஸ் என்ற சொந்தக் கட்சியைத் தொடங்கினார். அதே ஆண்டுத் தேர்தலில் 30க்கு 15 இடம் பிடித்தார். கூட்டணியில் இருந்த அ.தி.மு.க.வுக்கு 5 இடம். ஆனால் மந்திரிசபையில் அதற்குப் பங்கு கொடுக்கவில்லை. சென்னைக் கட்சிக்குப் பாண்டிச்சேரிக் கட்சி கையை விரித்துக் காட்டியது!

இன்னும் ஒரு மிச்சம் உண்டு. 1962 ஆகஸ்டிலிருந்து ஆறு மாதத்துக்குள், விரும்புகிறவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு, கொடுக்காதவர்களும் உண்டு. ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர்! அவர்களுடைய வாரிசுகளும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ‘சொல்தா’ குடும்பங்களுமாகச் சில ஆயிரம் பேர் பிரான்சின் ஜனாதிபதித் தேர்தலுக்குப் பாண்டிச்சேரியிலேயே ஓட்டுப் போடுகிறார்கள். பாரீசில் யார் ஆளவேண்டும் என்பதில் முத்தியால்பேட்டைக்கும் ஒரு சொல் உண்டு என்றால் ஆச்சரியம்தானே!

பெர்லினில் நடந்தது

இப்போது கொஞ்சம் கடல் தாண்டிப் போவோம்.

ஜெர்மனி இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு இரண்டாகப் பிரிந்தது. மேற்கில் பல கட்சி ஆட்சி. கிழக்கில் கம்யூனிஸ்டு ஆட்சி. 1961ல் பெர்லின் நகரத்தின் நடுவே சுவரே எழுப்பினார்கள். 1989 நவம்பர் 9ந் தேதி அந்தச் சுவர் திறந்தது.

1990 மார்ச்சு 18ந் தேதி கிழக்கு ஜெர்மனியில் சுதந்திரமான தேர்தல் நடந்தது. சோஷல் டெமாக்ரட் கட்சிதான் வரும் என்று பலரும் ஆரூடம் சொன்னார்கள். பலித்ததா? இல்லை. மேற்கு ஜெர்மனியை ஆண்டுகொண்டிருந்த கோல் என்பவரின் கட்சியோடு கைகோத்த கூட்டணி வெற்றி பெற்றது. ஏன்? “சீக்கிரம் சேருவோம், உங்கள் பணத்துக்கு எங்கள் பணம் தருவோம்” என்று அவர்கள் சொன்னார்கள். மக்களுக்கு அது போதும். பாண்டிச்சேரியில் டெல்லிக் கட்சிக்கு வந்த மவுசு மாதிரி இது.

சுவருக்கு முன்னால் நின்று உயிரைப் பணயம் வைத்துப் போராடியவர்களின் சின்னச் சின்னக் கட்சிகள் என்ன ஆயின? அவர்கள் ஒன்றுகூடி நின்ற ‘கூட்டணி 90’ என்ற அணிக்கு 100க்கு 3 ஓட்டுக்கூடக் கிடைக்கவில்லை. சுப்பையாவின் கதையேதான்!

1990 அக்டோபர் 3ந் தேதி நாடு ஒன்றாயிற்று. கிழக்கின் கட்சிகள் மேற்கின் கட்சிகளில் கரைந்தன. கம்யூனிஸ்டு ஆட்சிக்குப் பக்கவாத்தியமாக இருந்த விவசாயிகள் கட்சிகூடக் கோலின் கட்சியில் சேர்ந்துவிட்டது. பழைய ஆளும் கட்சி மட்டும் பெயரை மாற்றிக்கொண்டு தனியாக நின்றது. இனி எழுந்திருக்காது என்றார்கள். அது எழுந்திருந்தது. வேலை போனவர்கள், ஆலை மூடிய ஊர்க்காரர்கள், “எங்களை இரண்டாந்தரமாக நடத்துகிறார்கள்” என்று குமுறியவர்கள் அதற்கு ஓட்டுப் போட்டார்கள். 2007ல் மேற்கில் இருந்த ஓர் அணியும் அதோடு சேர்ந்து ‘இடதுசாரிக் கட்சி’ ஆயிற்று.

மற்றொரு பக்கம் பாருங்கள். கிழக்கில் வளர்ந்த ஒரு பௌதிக விஞ்ஞானி, 1989ல் புதிதாக முளைத்த ஒரு சிறு கட்சியில் சேர்ந்தார். அது கோலின் கட்சியில் கரைந்தது. அந்த அம்மாள்தான் அங்கேலா மெர்கல். 2005லிருந்து 2021 வரை 16 வருஷம் ஒன்றுபட்ட ஜெர்மனியை ஆண்டார்.

ஆனால் கோடு அழிந்துவிட்டதா? 2025 பிப்ரவரியில் நடந்த தேர்தலின் படத்தை எடுத்துப் பாருங்கள். குடியேறி வந்தவர்களை எதிர்க்கும் ஏ.எப்.டி. என்ற கட்சி, கிழக்கின் ஐந்து மாநிலங்களிலும் முதலிடம். சுவர் இடிந்து 35 வருஷம் ஆகிவிட்டது. ஓட்டுப் பெட்டிக்குள் மட்டும் சுவர் இன்னும் நிற்கிறது.

சேர்ந்த பிறகு சண்டை

எல்லா இடத்திலும் இவ்வளவு சமாதானமாக நடந்துவிடவில்லை.

ஏமன் நாட்டின் வடக்கும் தெற்கும் 1990 மே 22ந் தேதி ஒன்றாயின. வடக்கை ஆண்ட கட்சியும் தெற்கை ஆண்ட சோஷலிஸ்டுக் கட்சியும் பதவிகளைப் பங்கு போட்டுக்கொண்டன. 1993ல் தேர்தல் நடந்தது. ஜனத்தொகை வடக்கில்தான் அதிகம். ஆகவே தெற்கின் கட்சி மூன்றாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. சரிபாதிப் பங்காளியாக வந்தவர்கள் மூன்றாம் பந்தியில் உட்கார்ந்தார்கள். ஆனால் இரண்டு பக்கத்துப் பட்டாளமும் ஒன்றாகச் சேராமல் தனித்தனியாகவே இருந்தன. அடுத்த வருஷமே, 1994ல், உள்நாட்டு யுத்தம்!

வியட்நாமில் வேறு கதை. வடக்கு யுத்தத்தில் வென்றது. 1976ல் நாடு ஒன்றாயிற்று. ஒரே கட்சி. வடக்கோடு சேர்ந்து போராடிய தெற்கின் விடுதலை முன்னணிகூடக் கரைக்கப்பட்டது. தேர்தலில் யார் வருவார் என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

நம் நாட்டிலேயே தெலங்கானாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1956ல் ஆந்திரத்தோடு சேர்த்தபோது சில வாக்குறுதிகள் கொடுத்தார்கள். அவை நிறைவேறவில்லை என்ற குறை வளர்ந்துகொண்டே வந்தது. 2001ல் அந்தக் குறைக்காகவே ஒரு கட்சி பிறந்தது. 2014ல் மாநிலம் பிரிந்தது. புதிய தெலங்கானாவின் ஆட்சி அந்தக் கட்சிக்கே போயிற்று. பிரித்துக் கொடுத்த காங்கிரசுக்கு, மிச்சம் இருந்த ஆந்திரத்தில் 175 இடங்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

கொரியா சேர்ந்தால்?

உலகத்தில் இன்று பிரிந்து நிற்கும் பெரிய நாடு கொரியா. தெற்கில் 5 கோடிக்கு மேல் ஜனங்கள். வடக்கில் ஏறத்தாழ 2 கோடி 60 லட்சம். நாளை ஒன்று சேர்ந்து ஓட்டுப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு ஓட்டு வடக்கின் ஓட்டு!

ஜெர்மனியில் கிழக்கு ஜெர்மானியர் ஐந்தில் ஒரு பங்குதான். அதற்கே இவ்வளவு கலக்கம். மூன்றில் ஒரு பங்கு என்றால், அந்த ஓட்டு இல்லாமல் தெற்கின் எந்தக் கட்சியும் ஆட்சிக்கு வருவது கஷ்டம். தெற்கில் இப்போதே தென்மேற்குப் பகுதி ஒரு கட்சி, தென்கிழக்குப் பகுதி இன்னொரு கட்சி என்றுதான் ஓட்டு விழுகிறது. மூன்றாவதாக ஒரு பகுதி வந்து சேர்ந்தால், இரண்டு கட்சிக்காரர்களும் வடக்கே ஓடிப் போய்ச் சம்பந்தம் பேசுவார்கள். வடக்கை ஆண்ட தொழிலாளர் கட்சிக்காரர்களில் சாமர்த்தியசாலிகள் குபேர் வழியில் போவார்கள். சாமர்த்தியம் குறைந்தவர்கள் பெயரை மாற்றிக்கொண்டு “உங்கள் குறையைக் கேட்க நாங்கள்தான் இருக்கிறோம்” என்று பத்து வருஷம் கழித்து வருவார்கள். இது என் ஊகம்தான். ஆனால் பாண்டிச்சேரியையும் பெர்லினையும் பார்த்த பிறகு செய்யும் ஊகம்.

இதற்கு ஒரு சின்ன முன்னோட்டமும் நடந்திருக்கிறது. தே யோங்-ஹோ என்பவர் லண்டனில் வட கொரியாவின் துணைத் தூதராக இருந்தவர். 2016ல் தெற்குக்கு ஓடி வந்தார். 2020 தேர்தலில், தலைநகர் சியோலின் பணக்காரப் பேட்டையான கங்னம் பகுதியில் நின்று ஜெயித்தார். அதுவும் எந்தக் கட்சியில்? கம்யூனிசத்தைக் கடுமையாக எதிர்க்கும் வலதுசாரிக் கட்சியில்!

வட கொரியத் தலைவர் கிம் ஜாங்-உன் 2023 டிசம்பரில், இனி தெற்கோடு சேரும் பேச்சே இல்லை என்று அறிவித்தார். ஆனாலும் சியோலில் ஓர் அலுவலகம் உண்டு. 1949ல் ஏற்பட்டது. எல்லைக்கு வடக்கே இருக்கும் ஐந்து மாகாணங்களுக்கும் தென் கொரிய ஜனாதிபதி ஆளுக்கொரு கவர்னரை நியமிக்கிறார். அவர்களுக்குச் சம்பளம் உண்டு, நாற்காலி உண்டு, அலுவலகம் உண்டு. வடக்கிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் நல்லது கெட்டதைக் கவனித்துக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தங்கள் மாகாணத்துக்குள் கால் வைக்க முடியாமல் அங்கே வந்து போன கவர்னர்கள் எத்தனையோ பேர்.